இறகும் கொட்டுது, கிட்டப் போனால் பயமும் படுது: புதிதாக வந்த பட்ஜியைப் புரிந்துகொள்ள

ஆரையம்பதியில் இருக்கும் அக்காவின் மகள் ஒருநாள் காலை ஆறு மணிக்கே கோல் எடுத்தாள். "மாமா, மாங்காய்க்கு இறகெல்லாம் கழண்டு கிடக்கு. செத்துப்போயிருமா?"

மாங்காய் என்பது அவளுடைய பட்ஜி, கூட்டில் வளர்க்கிற சின்னக் கிளி வகைக் குருவி. பச்சை உடம்பு, மஞ்சள் முகம் என்பதால் அந்தப் பெயர். வீட்டுக்கு வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கூட்டின் அடியில் விரித்திருந்த பேப்பரில் பஞ்சு மாதிரிச் சின்ன இறகுகள் பத்துப் பதினைந்து, பச்சை இறகு நாலைந்து, விரல் நீளத்துக்குக் கருநீலத்தில் ஒரு வால் இறகு. பச்சைக் குருவியில் நீல இறகு எப்படி வந்தது என்பது அவளுடைய இரண்டாவது கவலை. அதற்குப் பதில் சுலபம். பச்சை பட்ஜியின் நீண்ட வால் இறகுகள் நீலமாகத்தான் இருக்கும். விழுந்து கிடக்கும்போதுதான் நம் கண்ணில் படும். முதல் கவலைக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

முந்தின நாளே அக்கா குருவி வாங்கிய கடைக்குப் போய் விசாரித்திருந்தார். "இறகு கொட்டுதா? கிட்டப் போனா மூலைக்கு ஓடுதா? அப்ப நோய்தான்" என்று சொல்லி, பெயர் ஒட்டாத பக்கெட் ஒன்றில் மஞ்சள் நிறத் தூள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்லி. பெரும்பாலும் அது ஏதோ ஒரு நுண்ணுயிர்க்கொல்லியாக இருக்கும். இறகு உதிர்வதற்கு அந்த மருந்தால் எந்தப் பலனும் இல்லை. குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் சாகும். அதைவிட மோசம், தண்ணீரின் நிறமும் ருசியும் மாறினால் புதிதாக வந்த குருவி அதைக் குடிக்காமலே இருந்துவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைக்கச் சொன்னேன்.

புதிதாகக் குருவி வாங்குகிற ஏறக்குறைய எல்லோருக்கும் இது நடக்கிறது. கடையில் பெரும்பாலும் குஞ்சுப் பருவம் தாண்டிய உடனே விற்கிறார்கள். அந்த வயதுக் குருவிக்கு முதல்முறை இறகு உதிரும் காலமும் புது வீட்டுப் பயமும் ஒரே சமயத்தில் வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர் நோய் என்று நினைக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் இயல்பானவை. ஆனால் ஒன்றை மற்றது கூட்டும், அதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

ஒரு சின்ன விஷயம். நம் பக்கத்தில் இதை எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்றுதான் சொல்வோம். உண்மையான லவ் பேர்ட் வேறு பறவை: ஆபிரிக்காவைச் சேர்ந்தது, கட்டைவால், கொழுத்த உடம்பு. நம் வீடுகளில் இருப்பது அவுஸ்திரேலியாவின் உள்நிலப் பகுதிகளைச் சேர்ந்த பட்ஜரிகர், சுருக்கமாக பட்ஜி. சுமார் 18 சென்ரிமீற்றர் நீளம், 30 முதல் 40 கிராம் எடை. இணையத்தில் தேடும்போது லவ் பேர்ட் என்று தேடினால் அந்த ஆபிரிக்கக் குருவிக்கான ஆலோசனைதான் வரும். கடையில் எப்படி வேண்டுமானாலும் கேளுங்கள், தேடும்போது பட்ஜி என்று தேடுங்கள்.

இறகு ஏன் விழுகிறது

இறகு நம் நகத்தைப் போல. இரண்டும் கெரற்றின் என்கிற புரதத்தால் ஆனவை. வளர்ந்து முடிந்த இறகில் உயிர் இல்லை. கிழிந்தால் தானாக ஒட்டாது, தேய்ந்தால் தானாகத் தடிக்காது. கூட்டுக் கம்பியில் உரசி, வெயிலில் வெளுத்துப் பழசானதும் குருவி அதைக் கழற்றிவிட்டுப் புதிது வளர்த்துக்கொள்ளும். 'காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்' என்று வயசானவர்களைக் கேலி செய்கிறவர்களுக்குச் சொல்வார்கள். குருவி விஷயத்தில் கதை தலைகீழ்: கீழே இருந்து குருத்து தள்ளுவதால்தான் பழைய இறகு விழுகிறது.

வளவில் ஊர்க்கோழி வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இறகு கழற்றுகிற நாட்களில் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும், ஒரு மூலையில் குறண்டிக்கொண்டு நிற்கும். உடம்பில் இருக்கிற புரதம் முட்டைக்கா இறகுக்கா என்றால் இறகுக்குத்தான் முதலில் போகும். என் அம்மா அந்த நாட்களில் தவிட்டோடு கருவாட்டுத் தலையை இடித்துக் கலந்து வைப்பார். கோழிக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த அதே வீட்டில், குருவிக்கு இறகு விழுந்தால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். (கருவாட்டைக் குருவிக்கு வைத்துவிடாதீர்கள். உப்பு கூடாது.)

புது இறகு வருவதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். முதலில் தோலுக்குள் இருந்து ஒரு சின்ன முள் எட்டிப் பார்க்கும். நான் அதைக் குருத்திறகு என்றுதான் சொல்வேன். வெள்ளையாக ஒரு மெல்லிய உறை, அதற்குள் இறகு சுருண்டு கிடக்கும், வாழைக் குருத்து மாதிரி. வளர்கிற வரைக்கும் அந்தத் தண்டுக்குள் இரத்தம் ஓடும். செட்டையிலும் வாலிலும் வரும் பெரிய குருத்துகளில் அடிப்பக்கம் கருமையாகத் தெரிவது அந்த இரத்தம்தான். வளர்ச்சி முடிந்ததும் இரத்தம் வற்றும், உறை காய்ந்து பொடியாக உதிரும், உள்ளே இருந்த இறகு விரியும். அக்காவின் மகள் "தலையில பொடுகு" என்று சொன்னது இந்த உறைத்தூளைத்தான்.

உடம்பில் வரும் உறையைக் குருவி சொண்டால் தானே கோதி உடைத்துவிடும். தலையில் இருப்பது சொண்டுக்கு எட்டாது. ஜோடி இருந்தால் ஒன்றின் தலையை மற்றது கோதிவிடும். தனிக் குருவியின் தலை மட்டும் சில நாட்களுக்கு முள்ளம்பன்றி மாதிரித்தான் இருக்கும். கம்பியில் தலையைத் தேய்க்கும், காலைத் தூக்கிச் சொறியும். வீட்டில் யாராவது "பேன் பிடிச்சிட்டு" என்று சொல்வார்கள். இரண்டு கிழமை பொறுங்கள்.

முதல் உதிர்வு ஏறக்குறைய மூன்று மாதத்திலிருந்து நாலு மாத வயதுக்குள் வரும். அதுவரை குஞ்சின் நெற்றியில் மூக்குவரை கறுப்பு வரிகள் இறங்கியிருக்கும். இறகு மாறியதும் அந்த வரிகள் உச்சிக்குப் பின்னால் போய்விடும், நெற்றி மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வெறுமையாகும். முழுக் கறுப்பாக இருந்த கண்ணில் மெல்லிய வெளிர் வளையம் ஒன்று மெதுவாகத் தெரியத் தொடங்கும். மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோலும் மெல்ல நிறம் மாறும்: வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலம், பெண்ணுக்கு வெளிறிய நிறம் அல்லது மண்ணிறம். மாங்காயின் நெற்றியில் வரிகள் பாதி போய்ப் பாதி இருந்தன. "அப்ப பெரிய பிள்ளையாகுது எண்டு சொல்லுறியா?" என்று அக்கா கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். "மறுகா என்ன, சடங்கு வைக்க வேண்டியதுதான்." ஆணா பெண்ணா என்றே அப்போது தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

இதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ பெரிய உதிர்வு வரும், இடையிடையே ஓரிரண்டு இறகு விழுந்துகொண்டே இருக்கும். இங்கிலாந்துக்காரர் எழுதிய குறிப்புகளைப் பார்த்தால் வசந்தம், இலையுதிர்காலம் என்று கணக்குச் சொல்வார்கள். அது நமக்குப் பொருந்தாது. இறகு மாற்றும் நேரத்தை உடம்புக்கு அறிவிப்பதில் பகலின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். மட்டக்களப்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அதனால் இங்கே மாதத்தைப் பார்த்து எதிர்பார்க்க முடியாது. ஆனால் நாமே ஒரு பொய்ப் பகலை உண்டாக்குகிறோம்: ஹோலில் ரியூப் லைட்டும் ரிவியும் இரவு பதினொரு மணிவரை. குருவிக்கு அதுவும் பகல்தான். வெளிச்சம் தாறுமாறாக இருக்கிற வீட்டில் உதிர்வு முடிவில்லாமல் இழுபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்

இயல்பான உதிர்வில் ஒரு ஒழுங்கு இருக்கும். காட்டு பட்ஜி மழை பெய்த இடம் தேடிக் கூட்டமாக அலைகிற பறவை. எந்த நாளும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும். அதனால் எல்லா இறகையும் ஒரேயடியாகக் கொட்டாது. இடது செட்டையில் ஒன்று விழுந்தால் வலது செட்டையில் அதற்குச் சோடியானதும் அதே நாட்களில் விழும். தோல் வெளியே தெரிகிற மாதிரி மொட்டை விழாது. பழசு விழுந்த இடத்தில் சில நாட்களில் முள் தெரியும். குருவி கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும், கொஞ்சம் சிடுசிடுக்கும், பாட்டுக் குறையும். ஆனால் சாப்பிடும். இரண்டு மூன்று கிழமையில் பெரும்பாலானது முடிந்துவிடும், சிலதுக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

மொட்டை விழுந்தால், ஒரு பக்கம் மட்டும் கொட்டினால், விழுந்த இடத்தில் முள்ளே வராவிட்டால், அது வேறு. குஞ்சுகளில் செட்டை இறகும் வால் இறகும் மொத்தமாக விழுந்து, பறக்க முடியாமல் தரையில் ஓடித் திரிவதும் உண்டு. வைரசால் வருவது அது, மற்றக் குருவிகளுக்கும் தொற்றும். சொண்டின் அடியிலும் காலிலும் சுண்ணாம்பு பூசினது மாதிரி, கிட்டப் பார்த்தால் தேன்கூட்டு ஓட்டைகளோடு தடித்திருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத உண்ணி. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மிருக வைத்தியர் கொடுக்கும் மருந்தில் நன்றாகக் குணமாகும். எண்ணெய், மண்ணெண்ணெய் என்று யார் சொன்னாலும் பூசாதீர்கள்.

இறகைவிட நான் நம்புவது அடித்தட்டுப் பேப்பரை. எச்சம் கரும்பச்சைச் சுருளும் வெள்ளைப் பகுதியுமாக, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது இருந்தால் உள்ளே எல்லாம் ஓடுகிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த முதல் நாள் பயத்தில் தண்ணீராகப் போகும், அது போகட்டும். குசினித் தராசு இருந்தால் கிழமைக்கு ஒருதரம் எடை பாருங்கள். 35 கிராம் இருந்தது 31 ஆனால், இறகு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பகல் முழுவதும் பந்து மாதிரி உப்பிக்கொண்டு இரண்டு காலிலும் நின்று தூங்குவது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, இவற்றுக்கு அடுத்த நாள்வரை காத்திருக்கக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று கொஞ்சம் உப்பித் தூங்கினால் அது சுகமாக இருக்கிறது.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இன்னொரு குழப்பம் வரும். சொண்டைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் அது பயமும் இல்லை, உதிர்வும் இல்லை. வெக்கை. கூட்டை நிழலுக்கு மாற்றிக் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள்.

பயம்

கோழி மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த பறவை. பட்ஜியை ஜோன் கூல்ட் என்பவர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது 1840இல்தான். கூட்டில் பிறந்து கூட்டில் வளர்ந்த குருவியாக இருந்தாலும் அதன் மூளை இன்னும் திறந்த வெளியில், வல்லூறுக்குக் கீழேதான் இருக்கிறது. கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதும் அதற்குத்தான்: எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வந்தாலும் தெரிய வேண்டும்.

என் முதல் குருவியைக் கல்லடியில் வாவிப் பக்கம் பார்த்த விறாந்தையில் தொங்கவிட்டிருந்தேன். நல்ல காற்று, நல்ல வெளிச்சம் என்று நினைப்பு. முற்பகல் ஆனால் அது சிலை மாதிரி நின்றுவிடும். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, ஒல்லியாக, மூச்சு விடுகிறதா என்றே தெரியாது. நான் கிட்டப் போனதால்தான் என்று நினைத்துப் பின்வாங்குவேன். இப்படிப் பல நாள். ஒருநாள் அதன் தலை ஒரு பக்கம் சரிந்து ஒற்றைக் கண் மேலே பார்த்ததைக் கவனித்தேன். நானும் மேலே பார்த்தேன். வாவிக்கு மேலே ஒரு செம்பருந்து, செட்டையை அசைக்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. மீன் தேடி வருகிற பருந்துக்கு என் குருவி ஒரு பொருட்டே இல்லை. அது குருவிக்குத் தெரியாதே. அன்றைக்கே கூட்டை உள்ளே எடுத்து, ஒரு பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல், என் நெஞ்சு உயரத்தில் வைத்தேன்.

அந்தச் சிலை நிலைதான் பயத்தின் முதல் அடையாளம். அமைதியான குருவி என்று கடைக்காரர் காட்டுவது பல நேரம் இதைத்தான். பயம் இன்னும் கூடினால் கம்பியில் தொற்றிக்கொண்டு அங்குமிங்கும் ஓடும், மூலையில் ஒடுங்கும், நீங்கள் பார்க்கும்போது சாப்பிடாது. முதல் இரண்டு நாள் சாப்பிடுவதையே காணவில்லை என்றால் தீனிக் கிண்ணத்தைப் பாருங்கள். மேலே வெறும் கோது மட்டும் மிதந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் தின்றிருக்கிறது. கோதை ஊதிவிட்டுத் தீனியை நிரப்புங்கள். கோதைத் தானியம் என்று நினைத்துக் குருவியைப் பட்டினி போட்டவர்களும் உண்டு.

கூட்டமாக வாழும் பறவைக்கு நிசப்தமே ஒரு அபாய அறிவிப்பு. எல்லாரும் சட்டென்று வாயை மூடினால் எங்கேயோ பருந்து வந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே "குருவி பயப்படுது, சத்தம் போடாதீங்க" என்று பிள்ளைகளை அடக்கி, பூனை நடை நடப்பது அதற்கு இன்னும் கலவரம். வழமையான குரலில் பேசுங்கள், றேடியோவைக் குறைத்து வையுங்கள். அக்காவின் மகள் தன் வரலாற்றுப் பாடத்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். பாடம் அவளுக்கு ஏறியதோ தெரியாது, நாலாம் நாள் மாங்காய் அவள் முன்னாலேயே சாப்பிட்டது. நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. பூனையும் பருந்தும்தான் இரண்டு கண்ணாலும் நேராகப் பார்க்கும். கையும் மேலிருந்து இறங்கக் கூடாது, காரணம் அதேதான்.

இரண்டும் சேர்ந்தால்

குருத்திறகைத் தொட்டால் வலிக்கும். உடம்பு முழுக்க முள் முளைத்திருக்கிற சமயத்தில் யாராவது கை போட்டுப் பிடித்தால் எப்படி இருக்கும்? பழகுவதற்காகப் பிடித்துப் பிடித்துத் தடவச் சொல்கிற ஆலோசனை எப்போதும் தப்பு, உதிர்வு நாட்களில் கொடுமை. குருவிக்கு அந்த வலி உங்கள் கையோடு சேர்ந்து ஞாபகம் நிற்கும். நேற்றுவரை விரலில் ஏறிய குருவி இன்று கடித்தால் அது கெட்டுப்போகவில்லை. எங்கேயோ முள் குத்துகிறது.

பயமும் இறகில் பதியும். விழுந்த இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குறுக்கே மெல்லிய கோடு ஒன்று, அந்த இடத்தில் மட்டும் இழை நைந்தது மாதிரித் தெரிந்தால், அந்த இறகு வளர்ந்துகொண்டிருந்தபோது குருவிக்கு ஏதோ சரியாக இருக்கவில்லை: பசி, நோய், ஓயாத பயம். மாங்காயின் நீல வால் இறகில் அப்படி இரண்டு கோடுகள் இருந்தன. அந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் அது எங்கே, எந்தப் பெட்டிக்குள் இருந்ததோ.

கடையில் செட்டை வெட்டி விற்ற குருவி என்றால் இன்னும் கவனம். வெட்டின இறகு வளராது. அடுத்த உதிர்வில் அந்த அடித்தண்டு விழுந்து புதிது வந்தால்தான் உண்டு. பறக்க முடியாத குருவி இயல்பாகவே கூடுதலாகப் பயப்படும். தனியாக முளைத்து வருகிற புதுக் குருத்துக்குப் பக்கத்தில் தாங்கிக்கொள்ள நீண்ட இறகு இல்லாததால் சுலபமாக முறியும். இன்னொன்று, "இது பறக்காது" என்ற பழக்கத்தில் யன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள். உதிர்வு முடிந்த ஒரு காலையில் அது பறக்கும். மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். கூட்டைத் திறக்கும்போதெல்லாம் விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்துங்கள்.

ஆக மோசமானது இரவில் நடக்கும். நடுச்சாமத்தில் பல்லி ஒன்று கூட்டின் மேல் விழுந்தாலோ, தெருவில் யாராவது சீனவெடி கொளுத்தினாலோ, இருட்டில் குருவி திடுக்கிட்டுக் கம்பியில் மோதி அடித்துக்கொள்ளும். இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, கொப்பு எங்கே என்று தெரியாமல் மறுபடி மறுபடி மோதும். உதிர்வு நாட்களில் இது நடந்தால் இரத்தம் ஓடும் குருத்து முறியலாம். என் வீட்டில் ஒரு சித்திரைப் புத்தாண்டு இரவு அப்படி நடந்தது. லைட்டைப் போட்டபோது வெள்ளைப் பேப்பரில் சிவப்புப் பொட்டுகள். 35 கிராம் குருவியின் மொத்த இரத்தமே ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு, ஆகவே ஒவ்வொரு பொட்டும் கணக்கு. மெல்லிய துணியால் பிடித்து, முறிந்த இடத்தில் சோளமாவை வைத்து விரலால் மெதுவாக அழுத்தினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றது. நிற்காவிட்டால் வைத்தியர்தான். இறகைப் பிடுங்குகிற வேலையை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. நெஞ்சு விரிந்தால்தான் குருவிக்கு மூச்சு.

அதற்குப் பிறகு இரவில் சிவப்புச் சிமிழ் விளக்கு மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம் வைத்திருக்கிறேன், மோதாமல் கொப்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு. கூட்டின் மூன்று பக்கத்தைப் பழைய சாரத்தால் மூடி, ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்து விடுவேன். பின்னேரம் ஏழு மணியிலிருந்து விடியும்வரை அது தூங்குகிற நேரம். ரிவி வேறு அறையில்.

சாப்பாடு, குளிப்பு, மற்றதெல்லாம்

இறகு பெரும்பகுதி புரதம் என்பதால் வெறும் தானியத்தில் குருவி கஷ்டப்பட்டுத்தான் இறகு வளர்க்கும். தினை, சாமை அடிப்படையாக இருக்கட்டும். உதிர்வு நாட்களில் அவித்த முட்டை, கட்டைவிரல் நகம் அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள். நம் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்தில் முட்டை பழுதாகிவிடும், எடுத்துவிடுங்கள். முளைவிட்ட பயறு நல்லது. முருங்கை இலை, வல்லாரை, கரட் துருவல் எல்லாம் கழுவிக் கொடுக்கலாம். முதலில் திரும்பியும் பார்க்காது. கீரையைக் கிண்ணத்தில் வைக்காமல் கொப்பில் கட்டித் தொங்கவிட்டால் விளையாட்டாகக் கிழித்துக் கிழித்துத் தின்னப் பழகும். ஆனைக்கொய்யா குருவிக்கு நஞ்சு. சொக்லேட்டும் அப்படித்தான்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் பொதி கட்டி விற்கிற வெள்ளைக் கட்டி என்னவென்று பார்த்தால், நம் கணவாய் ஓடுதான். கடற்கரையோரம் வீடு இருப்பவர்கள் அதற்குக் காசு கொடுப்பது எனக்குச் சிரிப்பு. பொறுக்கி வந்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, அவித்து, நல்ல வெயிலில் காயவைத்துக் கம்பியில் செருகுங்கள்.

குளிப்பு உறையை இளக்கும், அரிப்பைக் குறைக்கும். ஆழமில்லாத தட்டில் விரல் கணு அளவு தண்ணீர், காலையில். பயந்த குருவி தட்டுக்குள் இறங்காது. ஈரம் சொட்டச் சொட்டக் கீரைக் கட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள், அதில் உடம்பை உரசிக் குளிக்கும். மாங்காயின் முதல் குளிப்பு பொன்னாங்காணிக் கட்டில்தான் நடந்தது.

நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் குருவி இருக்கிற அறையில் வேண்டாம். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை அடுப்பில் மறந்து கருகவிட்டால் வருகிற புகை, நமக்கு மணம்கூடத் தெரியாமல், குருவியைக் கொன்றுவிடும்.

பழக்குவதைப் பொறுத்தவரை, முதல் கிழமை பக்கத்தில் இருங்கள், அவ்வளவுதான். பிறகு தினைக் கதிரைக் கம்பிக்கு வெளியே இருந்து நீட்டுங்கள். கதிரின் மறுமுனையில் உங்கள் கை இருப்பதை அது மெல்ல மெல்லச் சகித்துக்கொள்ளும். இறகு ஒட்டி, கழுத்து நீண்டால் கையைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து அப்படியே நில்லுங்கள். உடம்பு தளர்ந்து, இறகைச் சிலிர்த்து உதறினால் சரி, நல்ல அடையாளம். முள் நிறைய இருக்கிற கிழமைகளில் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். விரலில் ஏற்றுகிற வேலை முள் விரிந்த பிறகு. தனியாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு இன்னொன்று வாங்கி அதே கூட்டில் விடவும் வேண்டாம். வாங்கினாலும் ஒரு மாதம் வேறு அறையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்.

போன வெள்ளிக்கிழமை இரவு மறுபடி கோல் வந்தது. மாங்காயின் நெற்றி முழுக்க மஞ்சளாகிவிட்டது, மூக்கில் நீலம் ஏறியிருக்கிறது, பெடியன்தான். ஆனால் அவள் குரலில் பழைய பதற்றம். "மாமா, லைட்டை மங்கலாக்கினதும் சொண்டை நறநறவெண்டு கடிக்குது. ஒரு கால்ல நிண்டுகொண்டு. இது என்ன நோய்?"

தூங்கப் போகிற குருவி, வயிறு நிறைந்து, பயமில்லாமல் இருந்தால்தான் சொண்டை அப்படி அரைக்கும். அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஃபோனைக் கூட்டுக்குக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறாள் போல, அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது.